சின்ன காருக்குக் கூடுதல் விளக்கு: வயர், எர்த், சாய்வு

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். மழைக்காலத்தில் மேலே மூடுபனி இறங்கிவிட்டால் ஹெட்லைட்டை பிரைட்டில் வைத்துப் பயனில்லை, எதிரே வெள்ளைத் திரைதான் நிற்கும். டிம்மில் வைத்தால் வளைவின் உள்விளிம்பு தெரியாது. பிரைட்டும் டிம்மும் ஒரே பல்பில் வரும் 60/55 வாட் எச்4 பல்பு உள்ள சிறிய ஹேட்ச்பேக் ஒன்றுக்கு இந்தப் பாதையை மனதில் வைத்துக் கூடுதல் விளக்கு பொருத்திய முறை இது. விளக்குக்குச் செலவழிக்கும் பணத்தைவிட வயருக்கும் எர்த்துக்கும் (கரண்ட் கார் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) விளக்கின் சாய்வுக்கும் செலவழிக்கும் நேரம்தான் இரவில் பலன் தரும்.

கடைக்குப் போகுமுன் இருக்கிற ஹெட்லைட்டைச் சோதித்துவிடுங்கள். பிளாஸ்டிக் கண்ணாடி மஞ்சள் பூத்திருந்தால் பாலிஷ் போட்டாலே நல்ல மாற்றம் தெரியும். அடுத்து எஞ்சினை ஓடவிட்டு, விளக்கு எரியும்போது பேட்டரி முனைகளில் ஒரு முறையும், பல்பின் பின்புற முனைகளில் ஒரு முறையும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பேட்டரியில் 13.8 வோல்ட் இருக்க, பல்பில் 12.5 வோல்ட்தான் வருகிறது என்றால் கோளாறு வயரிங்கில். ஹாலஜன் பல்பில் ஒரு வோல்ட் குறைந்தாலே வெளிச்சத்தில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். அதைச் சரிசெய்யாமல் மேலே இரண்டு விளக்கு மாட்டுவது வீண்.

விளக்கில் மூன்று வகை. ஸ்பாட் லேம்ப் குறுகலாக, தொலைவுக்கு அடிக்கும். டிரைவிங் லேம்ப் கொஞ்சம் விரிந்து பிரைட்டுக்குத் துணை நிற்கும். ஃபாக் லேம்ப்பின் ஒளி மேலே வெட்டுப்பட்டதுபோல் நின்று, கீழே பக்கவாட்டில் அகலமாகப் பரவும். மலைப்பாதையில் ஸ்பாட் லேம்ப்பால் பயனே இல்லை, வளைவு திரும்பும்போது அதன் ஒளி பள்ளத்தாக்குக்குள் போய்விடும். சட்டமும் அதற்கு எதிராகத்தான் இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 111 வண்டியின் முன்புறம் ஸ்பாட் லைட் பொருத்துவதைத் தடுக்கிறது. விளக்கை மாட்ட வசதியாக இருக்கும் என்று பம்பருக்கு முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு (கிராஷ் கார்டு) போடும் வழக்கமும் வேண்டாம். 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அதன்மேல் நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. பம்பரில் கம்பெனியே விட்டிருக்கும் வட்டக் குழிக்குள், அந்த மாடலுக்கான பிராக்கெட்டோடு ஃபாக் லேம்ப் போடுவதே சின்ன காருக்கு ஏற்றது.

வாங்கும்போது கண்ணாடியில் வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் 'பி' அல்லது 'எஃப்3' என்றிருந்தால் அது முன்பக்க ஃபாக் லேம்ப். 'எச்ஆர்' என்றிருந்தால் ஹாலஜன் பிரைட் வகை. எந்தக் குறியும் இல்லாத விளக்கில் வெட்டுக்கோடு (ஒளியின் மேல் விளிம்பு) ஒழுங்காக விழும் என்று நம்ப முடியாது. பல்பில் 35 வாட் எச்8 போதும். மூடுபனியில் வாட் கூடக்கூட, கண்ணுக்குத் திரும்பி வரும் ஒளியும் கூடும். எச்8-க்கான பிளாஸ்டிக் கூட்டில் 55 வாட் எச்11-ஐ வற்புறுத்திச் செருகினால் சூட்டில் அந்தப் பிளாஸ்டிக் கூடு, ரிஃப்ளெக்டர் இரண்டும் உருகும். மஞ்சள் ஒளி பனியைத் துளைக்கும் என்பார்கள். பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது, அதனால் எல்லா நிறமும் ஒரே மாதிரிதான் சிதறும். மஞ்சளில் கண் கூச்சம் குறைவு என்பது மட்டுமே அதன் நன்மை. ஹாலஜனுக்காகச் செய்த கூட்டில் எல்இடி பல்பு போட வேண்டாம். ஒளிப்புள்ளி இடம் மாறினால் வெட்டுக்கோடு கலைந்து எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

இனி வயரிங். 55 வாட்டுக்கென்றே செய்த விளக்கு இரண்டு போட்டால், எஞ்சின் ஓடும்போது மொத்தம் 10 ஆம்பியர் வரை இழுக்கும். மலிவான கிட்டில் வரும் 0.5 சதுர மி.மீ. வயரில் 3 மீட்டருக்கு அந்தக் கரண்ட் போனால் ஒரு வோல்ட் வழியிலேயே போய்விடும், வயரும் சூடாகும். பேட்டரியிலிருந்து ரிலேவுக்கும் (சிறு கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்), அங்கிருந்து விளக்குக்கும், எர்த்துக்கும் 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் போடுங்கள். சுவிட்சுக்கு 0.75 போதும், ரிலேயை இயக்கும் காந்தச் சுருள் 0.2 ஆம்பியருக்கும் குறைவாகத்தான் எடுக்கும். ஃபியூஸ் 35 வாட் ஜோடிக்கு 10 ஆம்பியர், 55 வாட் ஜோடிக்கு 15 ஆம்பியர். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் அது இருக்க வேண்டும். ரிலே பக்கத்தில் ஃபியூஸை வைத்தால், இடைப்பட்ட வயர் உரசி பாடியில் தொட்டதும் தீதான், காப்பாற்ற எதுவும் இருக்காது.

12 வோல்ட், 40 ஆம்பியர், நான்கு கால் ரிலே. 30 என்று எண்ணிட்ட காலுக்கு ஃபியூஸ் வழியாகப் பேட்டரி, 87-லிருந்து விளக்குகள், 86-க்கு சுவிட்ச், 85-க்கு எர்த். கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி ரிலேயை மாட்டினால் உள்ளே தண்ணீர் தேங்காது. ஃபாக் லேம்ப் சுவிட்சுக்கான கரண்டைப் பார்க்கிங் லைட் வயரிலிருந்து எடுங்கள். காரை நிறுத்தி விளக்கை அணைத்ததும் இதுவும் அணையும், பேட்டரி இறங்காது.

சமவெளி நெடுஞ்சாலைக்காக டிரைவிங் லேம்ப் போடுபவர்கள் கரண்டை பிரைட் வயரிலிருந்து எடுப்பார்கள். டிம் அடித்ததும் இரண்டும் சேர்ந்து அணைய வேண்டும் என்பதற்காக. பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஜப்பானிய வழி வந்த கார்கள் பலவற்றில் எச்4 பல்பின் பொது முனைக்கு (பிரைட், டிம் இரண்டுக்கும் பொதுவான முனை) பாசிட்டிவ் வரும், சுவிட்ச் எர்த் பக்கத்தில் வேலை செய்யும். அப்படிப்பட்ட காரில் 86-ஐ பிரைட் முனையிலும் 85-ஐ பாடியிலும் கொடுத்தால் நடப்பது தலைகீழ்: டிம்மில் கூடுதல் விளக்கு எரியும், பிரைட் போட்டதும் அணையும். ரிலே கெட்டுவிட்டது என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள். சுருளின் இரு கால்களையும் (85, 86) பல்பின் பொது முனைக்கும் பிரைட் முனைக்கும் நடுவில் கொடுத்து, சுவிட்சை அந்தச் சுருள் வயரிலேயே வைத்தால் எந்த வகைக் காரிலும் சரியாக வேலை செய்யும். உள்ளே டயோடு (கரண்டை ஒரே திசையில் விடும் பாகம்) இல்லாத ரிலேவாக மட்டும் பார்த்து வாங்குங்கள்.

மாட்டும் வேலை எளிது. முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். பம்பர் கிளிப்புகளை இழுத்தால் சில உடையத்தான் செய்யும், ஒரு டஜன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டர் சட்டத்தில் ஏர்பேக் சென்சார் இருந்தால் அதன் போல்ட்டைத் தொடாதீர்கள், அதில் எர்த்தும் எடுக்காதீர்கள். எர்த்துக்குப் பாடியில் ஓரிடத்தில் பெயின்டைச் சுரண்டி, பளபளப்பான தகட்டில் ரிங் டெர்மினலை (வயர் நுனியில் மாட்டும் வளையம்) நட்சத்திர வாஷரோடு இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். ஒரு விளக்கு மங்கலாக இருப்பதும், குழியில் இறங்கும்போது சிமிட்டுவதும் பெரும்பாலும் எர்த் கோளாறுதான். சுவிட்ச் வயரை ஏற்கெனவே உள்ள ரப்பர் கிராமெட் (தகட்டுத் துளையில் வயர் உரசாமல் காக்கும் வளையம்) வழியாகவே உள்ளே கொண்டுபோங்கள். பல்பின் கண்ணாடியை விரலால் தொடக் கூடாது, எண்ணெய் பட்ட இடம் சூடாகி பல்பு சீக்கிரம் போய்விடும்.

கடைசியாகச் சாய்வு. டயர் காற்றைச் சரிபார்த்து, ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை உட்கார வைத்து, சமதளத்தில் சுவருக்கு நேராக 7.5 மீட்டர் தூரத்தில் காரை நிறுத்துங்கள். தரையிலிருந்து விளக்கின் மையம் இருக்கும் உயரத்தைச் சுவரில் டேப்பால் குறியுங்கள். ஒளியின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்குக் குறைந்தது 11 செ.மீ. கீழே விழ வேண்டும். பின் சீட்டில் மூன்று பேர், டிக்கியில் சாமான் என்று மலை ஏறும் கார் என்றால் அந்தச் சுமையோடு ஒரு முறை பாருங்கள். பின்பக்கம் இறங்கியதும் சின்ன காரின் மூக்கு நன்றாகவே தூக்கிவிடும். கோடு ஏறியிருந்தால் இன்னும் இறக்குங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு விளக்கு எரியும்போது பல்பு முனையில் வோல்ட் பாருங்கள். பேட்டரிக்கும் அதற்கும் அரை வோல்ட்டுக்குள் வித்தியாசம் இருந்தால் பம்பரை மூடலாம்.