இணையத் தொலைபேசி: கட்டணத்தைப் பார்க்குமுன் லைனைப் பாருங்கள்

இணையத் தொலைபேசி தேடும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது மாதக் கட்டணத்தைத்தான். அது கடைசியில் பார்க்க வேண்டியது. குரல் விட்டுவிட்டுக் கேட்டால் திட்டு வாங்குவது சேவை நிறுவனம். ஆனால் பல நேரம் கோளாறு இருப்பது வீட்டு ரவுட்டரில்.

வேகம் ஒரு பொருட்டே அல்ல. குரலை டிஜிட்டலாக்கும் முறைகளில் (கோடெக்) ஒன்றான ஜி.711இல் குரலுக்கு நொடிக்கு 64 கிலோபிட், குரலைச் சுமக்கும் சிறு தரவுத் துண்டுகளான பாக்கெட்டுகளின் தலைப்புகளையும் கூட்டினால் போக 90, வர 90 கிலோபிட் போதும். பார்க்க வேண்டியவை மூன்று: ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள், தாமதத்தின் ஏற்ற இறக்கமான ஜிட்டர் 30க்குள், பாக்கெட் இழப்பு 1 சதவீதத்துக்குள்.

சோதனைக்கு வைஃபை வேண்டாம். கணினியைக் கேபிளில் ரவுட்டரோடு இணைத்து, சேவையின் சர்வருக்கு 200 பிங் (பதில் வரும் நேரத்தை அளக்கும் சிறு செய்தி) அனுப்புங்கள். பிங் காட்டுவது போய்த் திரும்பும் நேரம். ஏறக்குறைய பாதிதான் ஒருவழிக் கணக்கு. அடுத்து ஒரு பெரிய வீடியோவை அப்லோடுக்குப் போட்டுவிட்டு மறுபடி 200. சும்மா இருந்தபோது 20 காட்டியது இப்போது 400ஐத் தொட்டால், குரல் பாக்கெட்டுகள் வீடியோவுக்குப் பின்னால் வரிசையில் நிற்கின்றன என்று பொருள். எந்தச் சேவைக்கு மாறினாலும் இது தீராது. ரவுட்டரில் எஸ்க்யூஎம் (இந்த வரிசை நெரிசலைக் கட்டுப்படுத்தும் வசதி) இருந்தால் அதை இயக்கி, அப்லோட் வரம்பை அளந்த வேகத்தில் 85 முதல் 90 சதவீதமாக வையுங்கள். அந்த வசதி இல்லாத ரவுட்டரை மாற்றுவதே மேல்.

பழைய போனையே வைத்துக்கொள்வதென்றால் அதை இணையத்தோடு இணைக்கும் ஏடிஏ பெட்டி தேவை. போன் சொருகுவது எஃப்எக்ஸ்எஸ் துளையில். அந்தத் துளையை உயிரோடிருக்கும் பழைய தொலைபேசிச் சுவர் லைனில் மட்டும் இணைத்துவிடாதீர்கள். அதில் 48 வோல்ட் இருக்கும், மணி அடிக்கும்போது இன்னும் ஏறும், பெட்டி போய்விடும்.

இனி அதிகம் தலைவலி தருவது. மணி அடிக்கிறது, எடுத்தால் ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்கிறதா? முதல் சந்தேகம் ரவுட்டரில் இணைய அழைப்புகளுக்கென இருக்கும் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற அமைப்பு. உதவுவதாக நினைத்து அழைப்புச் செய்திக்குள் இருக்கும் முகவரிகளைத் திருத்தப் போய்க் குழப்பிவிடும். அணைத்துவிடுங்கள். அழைப்பு சரியாக 32 செகண்டில் அறுந்தால், எடுத்ததற்கான ஒப்புகைச் செய்தி போய்ச் சேரவில்லை. அதற்கும் பெரும்பாலும் இதே மருந்துதான். நாம் அழைத்தால் போகிறது, சற்று நேரம் சும்மா இருந்தபின் நமக்கு அழைப்பு வருவதில்லை என்றால், ரவுட்டர் திறந்து வைத்த வழியை மூடிவிட்டது. அந்த வழியைத் திறந்தே வைக்க அனுப்பப்படும் கீப்-அலைவ் செய்திகளின் இடைவெளியை 20 செகண்டாகக் குறையுங்கள்.

வங்கித் தானியங்கிக் குரல் 'ஒன்றை அழுத்தவும்' என்கிறது, அழுத்தினால் அசையவில்லையா? டிடிஎம்எஃப் (எண் பொத்தான் ஒலி) அமைப்பை, அந்த ஒலியைக் குரலோடு கலக்காமல் தனியே அனுப்பும் ஆர்எஃப்சி 2833 முறைக்கு மாற்றுங்கள். ஜி.729 போன்ற சுருக்கும் கோடெக்குகள் அந்த ஒலியைச் சிதைத்துவிடும்.

ஆண்டுச் சந்தா எவ்வளவு மலிவானாலும் முதல் மாதம் மாதச் சந்தாவே எடுங்கள். நம் குரலையே நமக்குத் திருப்பிக் கேட்கவைக்கும் எக்கோ டெஸ்ட் எண் இருந்தால் அதில் தொடங்கி, மொபைல், தரைவழி, வெளிநாடு என மூன்றுக்கும் பேசிப் பாருங்கள். ஓர் அழைப்பாவது 35 நிமிடம் தாண்ட வேண்டும். சில இணைப்புகள் அரை மணியில் அறுவது அப்போதுதான் தெரியும். மாலையில், வீட்டில் எல்லோரும் வீடியோ பார்க்கும் நேரத்திலும் ஒருமுறை.

மின்சாரம் போனால் போனும் போகும்; மோடம், ரவுட்டர், ஏடிஏ மூன்றையும் ஒரு சிறு யுபிஎஸ்ஸில் இணையுங்கள். அவசர எண்ணுக்கு அழைக்க முடியுமா, வீட்டு முகவரியைப் பதிவு செய்ய வேண்டுமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். பழைய எண்ணை மாற்றிக் கொண்டுவருவதானால், புதிய சேவையில் அந்த எண்ணுக்கு அழைப்பு வந்து மணி அடிக்கும் வரை பழைய இணைப்பை ரத்து செய்ய வேண்டாம். முன்கூட்டியே ரத்தானால் எண் கைவிட்டுப் போகக்கூடும்.