நோய் வருமுன் அடித்த மருந்து

கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூரில் பீன்ஸ் முழங்கால் உயரம் வந்திருந்தபோது, எங்கள் பண்ணையின் சோதனைத் திட்டத்துக்காகச் சாலிசிலிக் அமிலம் தெளிக்கப் போனேன். தோட்டக்கார அக்கா இலைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நோயே வரலையே தம்பி, எதுக்கு மருந்து?" என்றார்.

என் வேலையில் கஷ்டமே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான். இலையில் புள்ளி கண்டதும் மேன்கோசெப் என்ற பூசணக்கொல்லியை அடித்துப் பழகியவர் அவர். இதுவோ பூசணத்தைக் கொல்வதற்கான மருந்து அல்ல. நோய் தாக்கும்போது செடியே தனக்குள் சுரக்கும் பொருள்தான் சாலிசிலிக் அமிலம். 1961-இல் ராஸ் என்ற ஆய்வாளர் புகையிலையின் கீழ் இலைகளில் வைரஸைத் தடவினார். பிறகு மேல் இலைகளில் அதே வைரஸ் அவ்வளவாக எடுபடவில்லை. செடி முழுக்கச் சேதி போய்விடுகிறது. நாம் வெளியிலிருந்து தெளித்து அந்தச் சேதியை முன்கூட்டியே கொடுக்கிறோம். பூசணத்தின் சுவரை அரிக்கும் கைட்டினேஸ் போன்ற நொதிகளைச் செடி சேர்த்துக்கொள்ளும். அதற்குச் சில நாள் பிடிக்கும். அதனால் இலை சுத்தமாக இருக்கும்போதே அடித்தாக வேண்டும்.

கணக்கு லிட்டருக்கு 138 மில்லிகிராம். முதல் நாள் அதை நேராகத் தண்ணீரில் கொட்டிவிட்டேன். தூள் கரையாமல் மிதந்து நாசிலை அடைத்தது, கட்டி விழுந்த இலைகளின் ஓரம் கருகியது. என் தப்புதான். அப்புறம் கொஞ்சம் எத்தனாலில் கரைத்துக்கொண்டு தண்ணீரில் ஊற்றினேன், சரியாக வந்தது.

ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு வரிசையை மருந்தில்லாமல் விட்டிருந்தோம். மழையும் பனிமூட்டமும் மாறி மாறி வந்தன, துரு என்ற பூசண நோயும் வந்தது. அந்த வரிசையில் ஓர் இலையின் அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் தேய்த்தேன். செங்கல் பொடி மாதிரி விரலெல்லாம் ஒட்டியது. மருந்தடித்த வரிசையிலும் துரு இருந்தது. தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. முழுக் காப்பு என்று யாரிடமும் சொல்ல மாட்டேன்.

அக்கா செடிகளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "இந்த ரெண்டு வரிசைக் காயை யார் தம்பி குடுப்பா?" திட்டச் செலவில் அதற்கு வழியில்லை. எங்களுக்கு அது ஒப்பீடு, அவருக்கு ஒரு வாரச் சந்தைக் காசு. மருந்தில்லா வரிசையை இனி எங்கள் பண்ணையிலேயே வைக்க வேண்டும் என்று அறிக்கையில் எழுதினேன். அதை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த போகத்தில் அவரே போன் செய்தார். "மழை வர்ற மாதிரி இருக்கு தம்பி. இலை சுத்தமாத்தான் இருக்கு, இப்பவே வாங்க. ஆனா ஒரு வரிசையும் விடக்கூடாது."