கட்டைப் பிரிப்பதற்கு முன்

வயிற்றில் அறுவை சிகிச்சை ஆனவர்களைச் சில நாட்களிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் தையல் விடுவதும் சீழ் கோர்ப்பதும் பெரும்பாலும் 5 முதல் 10 நாட்களுக்குள்தான். அதனால் வீடு வீடாகப் போய்க் கட்டு மாற்றும் என்னைப் போன்ற செவிலியர் கண்ணில்தான் அது முதலில் படுகிறது.

கட்டைப் பிரிக்கும் முன் நான் கேட்பது ஒன்றுதான்: "நேத்தைவிட வலி கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா?" முதல் சில நாட்கள் லேசான சிவப்பும் வீக்கமும் இயல்பு. குறைந்துகொண்டே வந்த வலி திரும்ப ஏறினால்தான் கவலை. காய்ச்சல் இல்லையே என்று வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள். வயதானவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் தொற்று இருந்தும் காய்ச்சல் வராமல் போகலாம். கருத்த தோலில் சிவப்பு சட்டென்று தெரியாது. புறங்கையை வைத்துச் சூட்டையும், விரலால் தொட்டு இறுக்கத்தையும் பார்க்க வேண்டும். சிவப்பு தெரிந்தால் அதன் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு, தேதியும் நேரமும் எழுதிவிடுவேன். அடுத்த முறை யார் வந்தாலும் அது பரவியிருக்கிறதா என்று ஊகிக்க வேண்டியதில்லை.

என்னை அதிகம் பயமுறுத்துவது சீழ் இல்லை, இளஞ்சிவப்பாகத் திடீரென்று வடியும் நீர். ஒரு மூதாட்டிக்கு அப்படித்தான் ஆனது. வலி இல்லை, மேல் தையல் அழகாக இருந்தது. "ராத்திரி இருமினப்ப துணியெல்லாம் நனைஞ்சிடுச்சு" என்று மகள் சாதாரணமாகச் சொன்னார். தோல் பிடித்துக்கொண்டிருந்தாலும் உள்ளே தசையுறையில், அதாவது வயிற்றுத் தசையை மூடியிருக்கும் உறுதியான சவ்வில், போட்ட தையல் விட்டிருக்கலாம் என்பதற்கு அது அடையாளம். முழங்காலை மடக்கிப் படுக்க வைத்து, தண்ணீர்கூட வேண்டாம் என்று சொல்லி, சர்ஜனைக் கூப்பிட்டேன். அன்று மாலையே மறுபடி தைத்தார்கள். குடல் வெளியே வந்திருந்தால் அதை உள்ளே தள்ளவே கூடாது. சலைனில் (கிருமி நீக்கிய உப்பு நீரில்) நனைத்த சுத்தமான காஸால் (காயத்துக்கு வைக்கும் மெல்லிய வலைத் துணியால்) மூடி, உடனே ஆம்புலன்ஸ்.

பள்ளமான காயத்தில் காஸை இறுக்கி அடைப்பதையும் அடிக்கடி பார்க்கிறேன். தளர்வாக வைக்க வேண்டும், எத்தனை துண்டு என்று எழுத வேண்டும். உள்ளே மறந்துபோன ஒரு துண்டு போதும், காயம் ஆறாமல் இழுத்தடிக்க.

டிஸ்சார்ஜ் தாளில் "காயத்தைச் சுத்தமாக வைக்கவும்" என்று மட்டும் எழுதி அனுப்புவது எனக்குக் கோபத்தைத் தருகிறது. வீட்டில் இருப்பவர்களுக்கு அது எந்த விதத்தில் உதவும்? வலி ஏறினால், நீர் திடீரென்று வடிந்தால், தையல் இடைவெளி விட்டால் காத்திருக்காமல் கூப்பிடுங்கள் என்று பெரிய எழுத்தில் எழுதி, இரவிலும் எடுக்கும் எண்ணோடு கட்டில் பக்கத்தில் ஒட்டிவிட்டுத்தான் இப்போதெல்லாம் கிளம்புகிறேன்.