போகாதடி ஹார்லி!

நேத்து ராத்திரி ஒன்றரை மணிக்கு நான் கத்தின கத்துல, திருடன் வந்துட்டான்னு நினைச்சு இவர் டார்ச்சைத் தேட ஆரம்பிச்சுட்டார். திருடன் இல்லீங்க, திருடி. அதுவும் மூணு பேரு. என் மடியில, டேப்புக்குள்ள.

எல்லாம் சின்னவளால வந்தது. பரீட்சை நேரமாச்சேன்னு டேப்பைப் பிடுங்கினா, 'கோதம் சிட்டி சைரன்ஸ்'னு ஒரு காமிக்ஸ் பாதியில திறந்து கிடக்கு. பேட்மேன் ஊர்ல கேட்வுமன், பாய்சன் ஐவி, ஹார்லின்னு மூணு வில்லிங்க கதை. என்ன கண்றாவியப் படிக்கிறான்னு பார்க்கத்தான் முதல் இதழுக்குப் போனேன், சத்தியமா.

போனா கேட்வுமன் சண்டையில தள்ளாடுறா. ஏன்டின்னு கேட்டா, "அவ இதயத்த ஒருத்தன் வெட்டி எடுத்துட்டான்மா, இப்பதான் தேறி வர்றா"ங்கிறா. எந்தப் பக்கத்துலடி? "அது வேற புக்." பேட்மேன் எங்க? "செத்துட்டார்னு எல்லாரும் நினைக்கிறாங்க." அப்ப இங்க குதிக்கிறது? "அது பழைய ராபின், பேட்மேனோட சிஷ்யன். இப்ப அவன்தான் அந்த வேஷத்துல இருக்கான்." சரி, நிஜ பேட்மேனான புரூஸ் வெய்ன் கோட்டு சூட்டோட ஊர் சுத்துறானே? "அது ஹஷ்னு ஒரு வில்லன், மூஞ்சிய ஆபரேஷன் பண்ணி மாத்திக்கிட்டான். இதயத்த எடுத்தவனும் அவன்தான்." 2009ல வந்த புக்கைப் படிக்க 1940லேர்ந்தே ஹாஜர் குடுத்திருக்கணும் போல.

ஆனா இந்த மூணு பேரும் ஒண்ணா குடியிருக்கிற கதை இருக்கே, அது எனக்கு யாரும் விளக்க வேண்டியதே இல்ல. பாய்சன் ஐவி, விடுகதை போடுற ரிட்லரை மயக்கிப் போட்டுட்டு அவன் வீட்டுலயே குடித்தனம் பண்றா, வாடகைப் பிரச்னைக்கு இப்படி ஒரு வழி நமக்குத் தோணலையே. ஓவியருக்கு மட்டும் ஒரு வார்த்தை: கூரை மேல குதிச்சுத் திருடப் போற கேட்வுமன் கழுத்து வரைக்கும் ஜிப்பை இழுத்துவிட மாட்டாளாய்யா?

கத்தினது ஹார்லிக்காக. மனநல டாக்டரா இருந்தவ, பேஷண்ட்டா வந்த ஜோக்கர்கிட்ட மனசைக் குடுத்துட்டு சீரழிஞ்சவ. அவனைக் கொன்னே தீருவேன்னு, அவனை அடைச்சு வெச்சிருக்கிற ஆர்க்கம் மனநல ஆஸ்பத்திரிக்குள்ள ஒத்தையா, அவ்ளோ காவலையும் தாண்டிப் போறா, நானும் கூடவே மூச்சைப் பிடிச்சுட்டுப் போறேன், கடைசில அவன் மூஞ்சியப் பார்த்தாளோ இல்லையோ, அப்படியே உருகி அவன் பக்கம் சாஞ்சுட்டா! "போகாதடி பாவி"ன்னு கத்திட்டேன்.

ஹாஸ்டல்ல என் ரூம்மேட்டும் இதே கேஸுதான். "இன்னிக்கு நறுக்குன்னு நாலு கேட்டு முடிச்சுட்டு வரேன்"னு கிளம்புவா. திரும்பி வரும்போது வாயெல்லாம் பல்லு. இப்படி ஒரு தடவை இல்ல, மூணு வருஷம். அவனையேதான் கட்டினா.

தூக்கம் வரல. "முழிச்சிருக்கியா"ன்னு அவளுக்கு ஒரு மெசேஜ் தட்டினேன். உடனே பதில், "பேய் பிடிச்சிருக்கா, படுடி."

ஒண்ணே முக்காலுக்கு இவ ஏன் முழிச்சிருக்கா?