வாசலுக்கு வந்த பால்

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் அம்மாயி (அம்மாவின் அம்மா) வீட்டு வாசலுக்கு மாட்டையே ஓட்டிவந்து பால் கறந்து கொடுத்த காலம் உண்டு. கறக்கும் முன் சொம்பைக் கவிழ்த்துக் காட்டச் சொல்வார் அம்மாயி. அடியில் ஒரு மிடறு தண்ணீர் கூட இருந்துவிடக் கூடாது! பிறகு சைக்கிளில் கேன் வந்தது. அப்புறம் ஆவின்.

தமிழகத்தில் பால்வளத் துறை 1958இல் தொடங்கியது. ஆவின் பெயரில் பால் விற்கும் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு இணையம் 1981இல். அதில் சேர்ந்த சேலம் பால் கூட்டுறவு ஒன்றியத்தின் பால் பண்ணை தளவாய்ப்பட்டியில் இருக்கிறது. கிராமத்துச் சங்கங்களில் காலையும் மாலையும் ஊற்றும் பால் குளிரூட்டப்பட்டு, பண்ணையில் பதப்படுத்தப்பட்டு, விடியும் முன் நம் தெருவுக்கு வந்துவிடுகிறது. எத்தனை பேரின் தூக்கம் அதில் கரைந்திருக்கிறது! நீல பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6 என்பதெல்லாம் எனக்குப் பின்னாளில்தான் தெரியும். அம்மாவுக்குத் தெரிந்தது பால் அட்டை. அட்டை இருந்தால் பால் விலை குறைவு என்பதால் மாதம் தவறாமல் வரிசையில் நின்று வாங்கிவிடுவார்.

எங்கள் தெருவுக்குப் பால் போட்ட பெரியவர் மழைக்கும் விடுப்பு எடுத்ததில்லை. கதவில் தொங்கும் பைக்குள் பாக்கெட்டைப் போட்டுவிட்டு, "பால்!" என்று ஒரே குரல். ஒரு தீபாவளிக்குக்கூட அவரை உள்ளே அழைத்து ஒரு வாய் காபி கொடுத்ததில்லை நாங்கள். இன்றும் உறுத்துகிறது.