மொட்டைமாடி மழை மண்ணுக்குள் இறங்க

தமிழ்நாட்டில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். பல வீடுகளில் குழாயும் குழியும் இருக்கின்றன, தண்ணீர்தான் இறங்குவதில்லை. பெரும்பாலும் வண்டல் அடைப்புதான் காரணம்.

1 சதுர மீட்டர் மாடியில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. 100 சதுர மீட்டர் மாடியில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 1,12,000 லிட்டர்! இதைச் சாக்கடையில் விடுவது பெருங்குற்றம் என்றே சொல்வேன்.

மணற்பாங்கான நிலமென்றால் நீள அகலம் 1 மீட்டர், ஆழம் 1.5 மீட்டர் குழி போதும். அடியில் கருங்கல், அதன்மேல் ஜல்லி, மேலே கழுவிய ஆற்றுமணல். ஜல்லிக்கும் மணலுக்கும் நடுவே நைலான் வலை விரியுங்கள். இல்லையேல் மணல் நழுவி இடுக்குகளை அடைத்துவிடும். களிமண் நிலத்தில் வெறும் குழி குளமாகத் தேங்கும், கொசுதான் மிச்சம். குழி நடுவே, களிமண்ணுக்குக் கீழே நிலத்தடியில் உள்ள மணல் அடுக்கு வரை துளையிட்டு, ஓட்டை போட்ட பிவிசி குழாய் இறக்க வேண்டும்.

முதல் மழை பறவை எச்சத்தையும் தூசியையும் அள்ளி வரும். இறங்கு குழாயில் ஒரு வால்வு வைத்து அதை வெளியே விடுங்கள். வடிகட்டாத நீரைப் புழக்கத்திலுள்ள ஆழ்துளைக் கிணற்றில் நேராக விடவே கூடாது.

செப்டம்பரில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், மேல்மணலை அள்ளிக் கழுவிப் போடுங்கள். அரைநாள் வேலைதான்.