தாத்தாவின் உளிகளும் புளிக்கரைசலும்

சென்ற மாசி மாதம் எங்கள் வீட்டுப் பரணிலிருந்து ஒரு சாக்குப்பையைக் கீழே இறக்கினேன். தச்சு வேலை செய்து குடும்பத்தை வளர்த்த தாத்தா காலமான பிறகு, பதினெட்டு ஆண்டுகளாக அதை யாரும் அவிழ்க்கவில்லை. ஓடு விலகிய இடத்தில் மழைநீர் சொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. சாக்கு அந்த ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, வெயில் காலத்திலும் இரும்பைக் காயவிடாமல் செய்திருக்கிறது. உள்ளே ஐந்து உளிகள், ஓர் இழைப்புளி, மரத்தைச் செதுக்கும் ஒரு வாய்ச்சி, ஒரு கைரம்பம், இரண்டு அரங்கள், ஒரு மூலைமட்டம் ஆகியவை ஒரே செம்பழுப்பு நிறத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. உளியைத் தட்டும் கொட்டாப்புளி மட்டும் மரமாதலால் நலமாக இருந்தது.

துரு நீக்குவதற்கென்று ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த திரவங்கள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றின் ஆவி பட்டால் அருகிலிருக்கும் நல்ல இரும்பும் துருப்பிடிக்கும். கைக்கும் கண்ணுக்கும் கேடு. ஆகவே சமையலறையில் இருப்பதைக் கொண்டே செய்ய முடிவு செய்தேன்.

முதல் உளியிலேயே தவறு செய்துவிட்டேன். அதை வினிகரில் மூழ்க வைத்துவிட்டு வெளியூர் சென்றவன், மூன்று நாள் கழித்துத்தான் திரும்பினேன். துரு முழுவதும் போயிருந்தது. கூடவே இரும்பும் போயிருந்தது. உளியின் மேற்பரப்பு கரையான் அரித்த பலகையைப் போல வரிவரியாகிச் சாம்பல் நிறத்தில் இருந்தது. செய்தவரின் முத்திரை இருந்த இடத்தில் விரலால் தடவினால் மட்டும் உணரக்கூடிய ஒரு மேடு மிஞ்சியிருந்தது. அமிலம் துருவைக் கரைத்து முடித்ததும் நின்றுவிடுவதில்லை; அடியிலிருக்கும் நல்ல இரும்பைத் தின்னத் தொடங்குகிறது. நீரில் சிறு குமிழ்கள் தொடர்ந்து எழுவது அதற்கான அடையாளம். எப்போது வெளியே எடுக்க வேண்டும் என்பதே இந்த வேலையின் உயிர்நிலை என்பதை அந்த உளியைக் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

மற்ற நான்கு உளிகளுக்கும் புளியைப் பயன்படுத்தினேன். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் துருவை மெல்லக் கரைப்பதோடு, கரைந்த இரும்பைத் தன்னோடு பிடித்து நீரிலேயே வைத்துக்கொள்ளும் தன்மை உடையது. எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமும் அப்படிப்பட்டதே. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டில் ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்ளும் புளியில் கெடாமலிருக்க உப்புக் கலந்திருப்பார்கள். அந்த உப்பு இரும்பின் நுண்குழிகளுக்குள் புகுந்து, துடைத்த சில நாட்களிலேயே மீண்டும் துருவை வரவழைக்கும். எலுமிச்சையோடு உப்பைச் சேர்த்துத் தேய்க்கச் சொல்லும் குறிப்புகளை நான் ஏற்காததற்கும் இதுவே காரணம். பித்தளைச் செம்புக்கு அது பொருந்தலாம், உளிக்குப் பொருந்தாது. உப்பு சேராத புதுப்புளி கால் கிலோவை இரண்டு லிட்டர் வெந்நீரில் கரைத்து வடிகட்டிக்கொண்டேன்.

அதற்கு முன்பு, பழைய எண்ணெய்ப் பிசுக்கு அமிலத்தைத் தடுக்கும் என்பதால், கருவிகளைப் பூந்திக்கொட்டை நீரில் கழுவினேன். நீர் பட்டால் மரம் உப்பிப் பிளக்கும் என்பதால் கைப்பிடிகளையும் கழற்றினேன். பிறகு இரவு எட்டு மணிக்கு உளிகளைப் புளிக்கரைசலில் இட்டேன். காலையில் கரைசல் மையைப் போலக் கறுத்திருந்தது. தேங்காய் நாரால் ஒருமுறை அழுத்தித் தேய்த்ததும் துரு சேறாக வழிந்து போயிற்று. இரண்டாவது உளியின் கழுத்துக்குக் கீழே ‘ஷெஃபீல்டு’ என்ற எழுத்துகளும், அதனடியில் ‘காஸ்ட் ஸ்டீல்’ என்ற சொற்களும் ஒவ்வோர் எழுத்தாக வெளிப்பட்டன. எஃகை மூசை என்னும் மண்கலத்தில் உருக்கி வார்க்கும் முறையைப் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் 1740களில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உருவாக்கினார். அந்த எஃகால் செய்யப்பட்டது என்பதைச் சொல்லவே பழைய கருவிகளில் இச்சொற்களைப் பொறித்தார்கள். தாத்தாவுக்கு இது பழைய கருவியாகவே யாரிடமிருந்தோ வந்திருக்க வேண்டும்.

ஊற வைத்த கருவியை நீரில் அலசினால் மட்டும் போதாது. அமிலத்தின் மிச்சத்தை முறிக்க விறகுச் சாம்பலைக் கரைத்துத் தெளிய வைத்த நீரில் முக்கியெடுத்தேன்; சாம்பலிலுள்ள பொட்டாசியம் கார்பனேட் காரத்தன்மை கொண்டது. ஈரத்தோடு ஐந்து நிமிடம் விட்டாலே இரும்பின் மேல் மஞ்சள் படரத் தொடங்கும். எனவே கொதிநீரை ஊற்றிச் சூடாக்கி, உடனே துணியால் துடைத்து, சூடு ஆறுவதற்குள் எண்ணெய் தடவிவிட வேண்டும்.

உளியில் எல்லாப் பக்கமும் ஒரே மதிப்புடையதல்ல. சரிவான பக்கமும் தட்டையான பக்கமும் சந்திக்கும் கோடுதான் உளியின் வாய். சரிவில் குழி இருந்தால் தீட்டத் தீட்டப் போய்விடும். தட்டைப் பக்கத்தில் இருந்தால் ஒவ்வொரு முறை தீட்டும்போதும் அந்தக் குழி வாய்க்கு வந்து பல்லாகத் தெரியும். ஆகவே தட்டைப் பக்கத்தின் முன்விளிம்பை மட்டும், ஓர் அங்குல அளவுக்கு, தீட்டுக்கல்லில் பொறுமையாகத் தேய்த்துச் சமன் செய்தேன். ஓர் உளிக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. மின்சாணையில் நிமிடங்களில் முடித்திருக்கலாம். ஆனால் சூட்டில் விளிம்பு நீலம் பாரித்துவிட்டால் எஃகின் பதம் போய்விடும்; பிறகு அந்த உளி எவ்வளவு பளபளத்தாலும் மரத்தில் நிற்காது.

ரம்பத்தை ஊற வைக்கவே இல்லை. அமிலம் இரும்போடு வினைபுரியும்போது வெளிப்படும் ஹைட்ரஜன், கடினப்படுத்திய எஃகுக்குள் புகுந்து அதை எளிதில் முறியச் செய்யக்கூடும். மெல்லிய ரம்பத் தகட்டில் அந்த ஆபத்தை ஏற்க நான் விரும்பவில்லை. எலுமிச்சை மூடியால் சிறிது சிறிதாகத் தேய்த்து அவ்வப்போது துடைத்தேன். அரங்களுக்கு மட்டும் வினிகரை ஒரு மணி நேரம் பயன்படுத்தினேன். பற்களுக்கிடையில் இருந்த துரு நீங்கியதோடு அவை கொஞ்சம் கூர்மையும் பெற்றன.

வாய்ச்சியின் கைப்பிடி நுழையும் துளைக்குள் நாரும் விரலும் நுழையாத இடங்களில் துரு மிஞ்சியது. அங்கே கொட்டை நீக்கிய கடுக்காயைக் கொதிக்க வைத்த சாற்றைத் தூரிகையால் தடவினேன். கடுக்காயின் துவர்ப்புப் பொருளான டானின் இரும்போடு சேர்ந்ததும், கண்ணெதிரே செம்பழுப்பு நீலக் கறுப்பாக மாறிற்று. கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு விழுவதும் கடுக்காயும் இரும்பும் சேர்வதால்தான். இந்தக் கறுப்புப் படலம் துருவின் வேகத்தைக் குறைக்கும், முழுவதும் தடுக்காது. அதன் மேலும் எண்ணெய் வேண்டும்.

எண்ணெய்களில் நல்லெண்ணெய் நாள்பட்டால் பிசின் போலாகித் தூசியைப் பிடிக்கிறது. தேங்காய் எண்ணெய் அப்படி இறுகுவதில்லை. அதன் நான்கு பங்கில் ஒரு பங்கு தேன்மெழுகை உருக்கிச் சேர்த்த களிம்பை எல்லா இரும்புப் பகுதிகளிலும் தேய்த்தேன். கருவேலங் கைப்பிடிகளுக்கு ஆளிவிதை எண்ணெய் தடவினேன். அந்த எண்ணெயில் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும் என்பதால், விரித்துக் காயப் போட்ட பிறகே அப்புறப்படுத்தினேன்.

சாக்குப்பையை எரித்துவிட்டேன். கருவிகள் இப்போது சுவரில் அடித்த மரச்சட்டத்தில் காற்றுப்படத் தொங்குகின்றன. ஐப்பசிக்கு முன் ஒருமுறை களிம்பு தடவ வேண்டும். வினிகர் தின்ற உளியையும் கைப்பிடி போட்டு அதே வரிசையில் வைத்திருக்கிறேன். ரம்பத்துக்கு இன்னும் பல் வைக்கவில்லை. அது என் கைக்கு வராத வேலை, பக்கத்து ஊர் ஆசாரியிடம்தான் கொடுக்க வேண்டும்.